கொரோனா காலத்தில் அலுமாரி தூக்கியது

எங்கள் லயத்தில் கொரோனாவுக்கு முதலில் பயந்தவர் என் வீட்டுக்காரர். பிறகு லயமே பயந்தது. ஆனால் கொரோனாவுக்கு அல்ல, அவருக்கு.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. நான், வீட்டுக்காரர், அத்தை, அத்தையின் கோழிகள். நான் தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மூக்குத் துடைத்துவிடுகிற டீச்சர். அத்தை ஆயுசு பூராவும் கொழுந்து பறித்துவிட்டு, அந்தக் கணக்குக்கு இப்போது உட்கார்ந்த இடத்தில் இருந்து எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டிருப்பவர். வீட்டுக்காரருக்கு ஹட்டனில் ஒரு பாமசியில் வேலை. டாக்டர் எழுதின துண்டைப் பார்த்து ராக்கையிலிருந்து மருந்து எடுத்துக் கொடுப்பார்.

ஊரடங்கு போட்டு எல்லாக் கடைகளும் பூட்டியபோது பாமசி மட்டும் திறந்திருந்தது. அன்றைக்கே அவர் பாதி டாக்டராகிவிட்டார். மீதிப் பாதியை வட்ஸ்அப் பார்த்துக்கொண்டது. பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் வீட்டுக்குள் வரமாட்டார். லயத்துக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி, அதற்குள் நின்று உடுப்பைக் கழற்றி, வாளி நிறையக் குளோரின் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தன் மேலும் ஊற்றிக்கொள்வார். அந்த மலைக் குளிரில், பச்சைத் தண்ணீரில். உள்ளே இருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வார்:

"கொரோனா வருதோ இல்லையோ, இவனுக்கு நிமோனியா கட்டாயம் வரும்."

அந்தக் குளோரின் தண்ணீர் சாக்கடைக் கான் வழியாக இறங்கி, பக்கத்துக் காம்பரா அக்காவின் கீரைப் பாத்திக்குள் போனது. கீரை ஒரு வாரத்தில் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, பிறகு இல்லாமலே போனது. அந்த அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர் மட்டும்தான். நான் கல்யாணமாகி வந்த நாளில் இருந்து ஒரு வீட்டுக் குழம்பு மற்ற வீட்டுக்குப் போகாத நாள் இல்லை. அவர் கீரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததில்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

பிறகு ஒருநாள் தோட்டத் தலைவர் வந்தார். சங்கத்துத் தலைவர், பெரிய உருவம், பெரிய மீசை. மாஸ்க் போட்டதில் மீசையின் இரண்டு நுனிகளும் வெளியே வந்துவிட்டன. அவர் எங்கள் வாசலுக்கு வராமல் பாதையில் நின்றே கூப்பிட்டார்.

"டீச்சர், அவரு இருக்காருங்களா?"

"பின்னாடி குளிக்கிறாருங்க."

"அதான் டீச்சர் விஷயமே." அவர் தரையைப் பார்த்தார். "தம்பி தினம் டவுனுக்குப் போய் வருது. நோயாளியோட பழகுது. இங்க எல்லாரும் ஒரே பீலியில தண்ணி புடிக்கிறோம். சின்னப் புள்ளைக இருக்கு, வயசாளிக இருக்காங்க. ஆளுங்க பயப்படுறாங்க."

"எங்கள போகச் சொல்றீங்களா?"

"அய்யய்ய, போகச் சொல்லலங்க." அவர் உண்மையிலேயே பதறிப்போனார். "இங்க இருக்க வேணாம்னுதான் சொல்றோம்."

வீட்டுக்காரர் துவாயைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி வந்து இதைக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "நியாயம்தான்" என்றார். விஞ்ஞானம் தன் பக்கம் இருந்தால் அவமானம்கூட அவருக்கு இனிக்கும். கோபப்பட்டது அத்தைதான். தலைவர் போன பிறகு, அவர் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்த நேரத்தில் தான் பக்கத்தில் விளக்குப் பிடித்ததாகவும், அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்றும் சொன்னார்.

ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, பாமசிக்கு வந்து பிரஷர் குளிசை வாங்குகிறவர். அவருடைய கடைக்கு மேல் மாடி காலியாகக் கிடந்தது. மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் மாட்டிக்கொண்டதால் அவர் கடைக்குப் பின் அறையில் தனியாகக் கிடந்தார். வீட்டுக்காரர் கேட்டதும் முதலில் தயங்கினார்.

"தம்பி, ஒங்களுக்குத் தர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா தோட்டத்துல பரவுதாமே."

தோட்டத்தில் டவுனுக்குப் பயம். டவுனில் தோட்டத்துக்குப் பயம். நடுவில் நாங்கள் ஒரு அலுமாரியோடு நின்றோம்.

கடைசியில் முதலாளி சம்மதித்தார். தோட்டத்தில் இருந்து ஆட்கள் வந்து போகக் கூடாது, ஆடு மாடு கோழி கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அத்தையிடம் முதல் நிபந்தனையை மட்டும் சொன்னோம்.

ஊரடங்குக்குள் வீடு மாற அனுமதி வாங்க வீட்டுக்காரர் கிராம சேவகரிடமும் பி.எச்.ஐ.யிடமும் அலைந்தார். சுகாதாரப் பரிசோதகரான அந்த பி.எச்.ஐ. சிங்களப் பொடியன். நல்லவர், ஆனால் வீட்டுக்காரரை மாதிரியே புத்தகப்படி நடக்கிறவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டது, நீண்ட நாள் பிரிந்திருந்த சகோதரர்கள் கண்டமாதிரி. சாமான்களை வீட்டு ஆட்கள் மட்டும்தான் தூக்க வேண்டும். வெளியாள் உள்ளே வரக் கூடாது. லொறியில் வீட்டு ஆட்களையும் சாரதியையும் தவிர யாரும் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் இவர் தலையாட்டிவிட்டு, கூடுதலாக இரண்டு கட்டுப்பாடுகளைத் தானே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

போவதற்கு முந்தின நாள் வீட்டுச் சாமான் முழுவதற்கும் குளோரின் அடித்தார். தேயிலைக்கு மருந்தடிக்கிற தாங்கியை யாரிடமோ இரவல் வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தார். கட்டில், டீவி, அண்டா, தலையணை எதுவும் தப்பவில்லை. என் கூறைச்சேலையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாமிப் படத்துக்கு அடித்தபோது கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, முருகன் முகம் கரைந்து மயில் வரைக்கும் வழிந்தது.

அத்தை படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"கொரோனா இவர ஒண்ணும் பண்ணல" என்றார் மகனிடம். "நீ பண்ணிட்ட."

மறுநாள் காலையில் லொறி வந்தது. தோட்டத்துக் கடைக்கு அரிசி பருப்பு இறக்கிவிட்டு, லீக்ஸ் மூடைகளை ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்குத் திரும்புகிற மரக்கறி லொறி. சாரதி இறங்கி உதவிக்கு வந்தபோது வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க அங்கயே நில்லுங்க. ஒரு மீட்டர்."

சாரதிக்கு வாழ்க்கையில் அதைவிட இனிப்பான வார்த்தையை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே எங்களுக்கு வழி சொல்லத் தொடங்கினார்.

சின்னச் சாமான்கள் போய்விட்டன. அலுமாரிதான் மிச்சம். என் சீதனம். பலா மரத்தில் என் அப்பா சொல்லிச் செய்வித்தது. மகளை அனுப்புகிற துக்கத்தில் கனத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. வந்த அன்றைக்கு அதை லயத்துக்குள் கொண்டுவர ஆறேழு பேர் தேவைப்பட்டார்கள். இப்போது வீட்டு ஆட்கள் மூன்று பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வாதம்.

வீட்டுக்காரர் திட்டம் போட்டிருந்தார். அலுமாரியைப் படுக்க வைத்தால் நீளம் ஆறடி. ஆகவே தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் பிடித்தால் இடைவெளி தானாகவே வந்துவிடும்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட என்ன இடைவெளி?" என்று கேட்டேன்.

"பழகிக்கணும்" என்றார்.

லயத்து வாசலில் இருந்து ரோட்டுக்குக் கருங்கல் படி இறங்குகிறது. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். நாங்கள் அலுமாரியை இழுத்து, தள்ளி, சாக்குப் போட்டுச் சறுக்கி, பாதிப் படிக்குக் கொண்டுவந்தபோது மழை தூறத் தொடங்கியது. அங்கே அது நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழே நான், மேலே அவர். நான் கையை எடுத்தால் அலுமாரி என் மேல். அவர் எடுத்தாலும் அலுமாரி என் மேல்தான். இந்தத் திட்டத்தைப் போட்டவர் யார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

லயத்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் மாஸ்க், எல்லாரும் புத்திமதி.

"வலது பக்கம் சாயிங்க டீச்சர்."

"கதவக் கழத்தியிருக்கணும்."

"சாக்க நனைச்சா வழுக்கும்."

"நீங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தா அதுவே ஒதவி" என்றார் அத்தை, கோழிக்கூண்டைக் கட்டிப்பிடித்தபடி.

என் பிடி நழுவ ஆரம்பித்துவிட்டது. கால் வழுக்கியது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் காம்பரா அக்கா சட்டென்று படியிறங்கி வந்தார். கீரை போன நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்காத அக்கா. என் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைக் கொடுத்து, அலுமாரியின் அடியில் நின்றுகொண்டார்.

"அக்கா, வேணாங்க" என்று மேலே இருந்து வீட்டுக்காரர் கத்தினார். "வெளியாள் தொடக் கூடாது."

"நான் வெளியாளா?" அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "கால நல்லா ஊனு."

அதற்குப் பிறகு யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க முடியாத நிலையில் இருந்தேன். கனம் குறைந்தது மட்டும் தெரிந்தது. ஒரு பெரிய உருவம் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு என் இடத்தில் நின்றது. மீசை நுனிகளை வைத்துத் தலைவர் என்று கண்டுபிடித்தேன்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் தலைவர். சங்கக் கூட்டத்தில் பேசுகிற குரல். "மூச்ச அடக்கிக்கங்க. ரோடு வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. அப்ப ஒண்ணும் ஒட்டாது. தம்பி, இது சரிதானே?"

வீட்டுக்காரர் மேலே இருந்து அரைகுறையாகத் தலையாட்டினார். விஞ்ஞானப்படி அதில் பெரிய பிழை சொல்லவும் முடியாது.

தூக்கினார்கள். லயத்து ஆட்கள் ஒரு கனத்தைத் தூக்கும்போது பாட்டு இருக்கும், கெட்ட வார்த்தை இருக்கும், சிரிப்பு இருக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, செத்த வீட்டில்கூட இல்லாத அமைதியில் என் அலுமாரி ரோட்டுக்கு இறங்கியது. லொறியில் ஏற்றியதும் எல்லாரும் ஒரேயடியாக மூச்சை விட்டார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர்.

புறப்படும்போது அக்கா ரொட்டிப் பொட்டலம் ஒன்றை எனக்கு எறிந்தார். கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரம். மூச்சிரைக்க ஒரே அலுமாரியைத் தூக்கி முடித்தவர்கள் நாங்கள். ஆனால் வேலை முடிந்ததும் சட்டம் திரும்ப ஞாபகம் வந்து தள்ளித் தள்ளி நின்றோம். எனக்கு அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் மூக்கைச் சிந்த முடியாது என்பதை முன்பள்ளி டீச்சரான நான் அன்றைக்குத்தான் கற்றேன்.

சாரதியோடு ஒரே காற்றைச் சுவாசிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எங்களைப் பின்னால், படங்குக்கு அடியில், லீக்ஸ் மூடைகளுக்கு மேல் ஏற்றிவிட்டார். தானும் ஏறினார். நோர்வூட் பக்கம் பொலிஸ் மறித்தது. படங்கைத் தூக்கிப் பார்த்த பொலிஸ்காரர் முதலில் லீக்ஸைப் பார்த்தார், பிறகு கட்டிலை, பிறகு எங்களை, கடைசியாக அத்தையின் மடியில் இருந்த கூண்டை. கடிதத்தில் வீட்டு ஆட்கள் மட்டும் என்று இருக்கிறதே, இந்தக் கோழிகள் யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

அத்தைக்குத் தெரிந்த சிங்களம் ஹட்டன் சந்தைச் சிங்களம். "ஏகத் அபே கெதர மினிஸ்சு மாத்தயா" என்றார். அதுகளும் எங்க வீட்டு ஆட்கள்தான் ஐயா என்று அர்த்தம்.

பொலிஸ்காரர் கோழிகளையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். முகமூடிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் மறைப்பும், கையுறையும், தலையில் குளிக்கிற தொப்பியும் போட்டிருந்தவர் இவர் மட்டும்தான். அந்தக் கூட்டத்தில் கோழிகள்தான் சாதாரணமாகத் தெரிந்திருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

ஹட்டனில் முதலாளி கடை வாசலில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியோடு காத்திருந்தார். குளிர் காற்றில் நனைந்து வந்த அத்தையின் நெற்றியில் பிடித்தார். திரும்பப் பிடித்தார். அதில் விழுந்த இலக்கத்தின்படி அத்தை இறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"காய்ச்சல் இல்ல" என்றார் முதலாளி சந்தேகத்தோடு. பிறகு கூண்டைப் பார்த்தார். "தம்பி, கோழி கூடாதுன்னு சொன்னேனே."

அத்தை மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் மாஸ்க்கைச் சரி செய்தேன்.

"மொட்டை மாடியில ஒரு ஓரமா இருக்கும் மொதலாளி" என்றார் அத்தை. "ஒங்கள விட சத்தம் போடாது."

அலுமாரி மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. கீழே நடைபாதையில், முதலாளியின் பின் கதவுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டோம். இனிமேல் சேலை மாற்ற ஒவ்வொரு தடவையும் நான் கீழே இறங்க வேண்டும்.

பால் காய்ச்சுகிற சடங்கு இருக்கிறதே. பால்மாவுக்குக் கடைகளில் வரிசை நின்ற காலம். எங்களிடம் டின்னின் அடியில் கொஞ்சம்தான் சுரண்டக் கிடைத்தது. கரைத்தால் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அடுப்பில் வைத்தோம். கொதித்தது, ஆனால் பொங்கவில்லை. பால் பொங்காத வீட்டில் ஒருநாளும் படுக்கமாட்டேன் என்று அத்தை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்காரர் சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு தன் பையில் இருந்து, வாயுத் தொல்லைக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புப் பக்கெட் ஒன்றை எடுத்துக் கிழித்துச் சட்டிக்குள் கொட்டினார். பால் நுரைத்துச் சீறிக்கொண்டு எழும்பி, அடுப்பை அணைத்து, சுவரெல்லாம் தெறித்தது. அப்படி ஒரு பொங்கலை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. அத்தை கை கூப்பினார். "இப்பதான் ஒரு உருப்படியான வேல பார்த்திருக்க" என்றார். அதைக் குடித்தோம். வாயில் வைக்க முடியாது. ஆனால் அந்த வீட்டில் இன்று வரைக்கும் யாருக்கும் வாயுத் தொல்லை வந்ததில்லை.

ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. பிறகு முதலாளிக்குக் காய்ச்சல்.

வருகிறவர் போகிறவர் நெற்றிக்கெல்லாம் துப்பாக்கி பிடித்த மனிதர், கடையைப் பூட்டிவிட்டுப் பின் அறையில் கூட்டாளிகளோடு சீட்டு விளையாடியிருக்கிறார். மாஸ்க் போட்டால் எதிராளியின் முகம் தெரியாது என்பதால் எல்லாரும் கழற்றி வைத்துவிட்டுத்தான் விளையாடினார்களாம். பி.எச்.ஐ. வந்து பரிசோதித்து, கட்டடத்தின் முன் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டினார். படிக்கட்டும் நடைபாதையும் பொது என்பதால் நாங்களும் உள்ளே. தோட்டத்தில் பரவுதாமே என்று கேட்ட டவுனில் வைத்துத்தான் எங்களுக்கு அந்தக் கடதாசி கிடைத்தது.

பி.எச்.ஐ. விசாரித்தார். வீடு மாறிய நாளில் யார் யார் தூக்கினார்கள் என்று.

"நாங்க மூணு பேருதாங்க" என்றார் அத்தை, ஒரு கணம் தாமதிக்காமல்.

பி.எச்.ஐ. நடைபாதையில் நின்ற அலுமாரியைப் பார்த்தார். கையுறை போட்ட கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது அசையவில்லை.

"இதையா அம்மா?" என்றார். அவருடைய தமிழ் கொஞ்சம் தடுக்கும், ஆனால் கேள்வி தடுக்கவில்லை.

"தோட்டத்து ஆளுங்க நாங்க. பழக்கம்."

வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, அதுவும் இந்த விஷயத்தில். ஆனால் பெயர்களைச் சொன்னால் லயத்தையே மூடுவார்கள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாத வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வீடுகள் எவை, அந்த அடுப்புகள் எவை என்று எங்களுக்குத் தெரியும். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். சொல்லாதீங்க என்றுதான் அழுத்தினேன்.

அவர் சொல்லிவிட்டார்.

"ஆள் வந்தாங்க சேர். எங்க லயத்து ஆளுங்க. ஒத்தாசைக்கு வந்தாங்க, நான்தான் தடுக்கல. அது நாங்க இந்த வீட்டுக்கு வந்து சேர்றதுக்கு முந்தி. பேரு வேணும்னா சொல்றேன். ஆனா முந்தின்றத எழுதிக்கங்க."

நான் கையை விட்டுவிட்டேன். அத்தை வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். பி.எச்.ஐ. கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, முதலாளியிடமிருந்து உங்களுக்கு வரலாம், உங்களிடமிருந்து அவர்களுக்கு முந்திய நாளில் போயிருக்க வழியில்லை, ஆனாலும் தகவல் சொல்லிவையுங்கள், யாருக்காவது காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். பெயர் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியும் ஒருவருக்கும் கெடுதல் வராத அந்த அதிசயத்தை அத்தையால் கடைசி வரைக்கும் நம்பவே முடியவில்லை.

அன்று பின்னேரமே வீட்டுக்காரர் தலைவருக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னார்.

"நாங்க மூச்சே விடலையே தம்பி" என்றார் தலைவர். பிறகு குரல் தணிந்தது. "டீச்சருக்கு எப்படி?"

டீச்சருக்கு அன்று இரவே காய்ச்சல். பரிசோதித்ததில் எனக்கும் தொற்று. வீட்டுக்காரர் என்னை ஓர் அறையில் வைத்து, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, தனிப் பீங்கான், தனிக் கோப்பை, தனி வாளி கொடுத்து, கதவுக்கு வெளியே நின்று என்னை நோயாளியாக நடத்தினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷமான நாட்கள் அதற்கு முன் இருந்ததாக நினைவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி இருமல் தாங்காமல் எழுந்து உட்கார்ந்தபோது, கதவுக்கு வெளியே தரையில் அவர் சுருண்டு படுத்திருந்தது தெரிந்தது. ஒரு மீட்டர் இருக்கும்.

லயத்தில் இருந்து அதே மரக்கறி லொறியில் ஒரு சாக்கு வந்தது. இஞ்சி, கொத்தமல்லி, உள்ளி, பூசணி, யாரோ சுட்ட ரொட்டி. கீரை மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

அத்தைதான் சமையல். முதலாளிக்குச் சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை. கூட்டாளிகளும் தத்தம் வீட்டில் கிடந்தார்கள். பின்பக்கத்து மாடியில் இருந்து வாளியில் கயிறு கட்டி, ரசமும் கஞ்சியும் மல்லித் தண்ணியும் அத்தை இறக்குவார். கீழே இருந்து மெலிந்த குரலில் நன்றி வரும்.

"நன்றியெல்லாம் கெடக்கட்டும். வாளிய கழுவி அனுப்புங்க."

ஒருநாள் வாளிக்குள் ஒரு துண்டுக் கடதாசி வந்தது. தாங்கள் பரம்பரைச் சைவம் என்றும், டாக்டர் முட்டை சாப்பிடச் சொல்கிறார் என்றும், இது வெளியில் தெரியக் கூடாது என்றும் எழுதியிருந்தது. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. என் கதவுக்கு வெளியே நின்று வீட்டுக்காரரை உரக்க வாசிக்க வைத்தார். பிறகு மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, பின்பக்கத்து வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"மொதலாளி, அவிச்சா, பொரிச்சா?"

அவித்ததைத்தான் சாப்பிட்டார். தினமும் சாப்பிட்டார். காய்ச்சல் விட்ட பிறகும் கொஞ்ச நாள் டாக்டர் சொன்னதாகவே சாப்பிட்டார்.

கதவிலிருந்த அறிவித்தலைக் கிழித்த அன்று அவர் மெலிந்த முகத்தோடு படியேறி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவருக்குக் கோப்பை கழுவத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி.

வீட்டுக்காரருக்கு நோய் வரவில்லை. அத்தைக்கும் வரவில்லை. அத்தை அதை வெற்றிலையின் மகிமை என்கிறார். எனக்குத் தெரியும், மகன் அவரை அந்த நாட்களில் படுத்திய பாடுதான் காரணம்: ஜன்னல், தனிப் பாத்திரம், பேசும்போது தள்ளி நில், அங்கே போகாதே, இதைத் தொடாதே. வீட்டுக்காரரிடம் இதை நான் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இருக்க முடியாது.

என் காய்ச்சல் போனது, இருமல் போனது, வாசனை மட்டும் வரவில்லை. கருவாடு பொரித்தாலும் ஒன்றுதான், சாம்பிராணி போட்டாலும் ஒன்றுதான். பிறகு மழை விட்டு நன்றாக வெயிலடித்த ஒரு காலை, கண் விழித்துப் படுத்திருந்தபோது மூக்கில் ஏதோ ஏறியது. முதலில் நம்பவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய் ஆழமாக இழுத்தேன். கீழே சந்தைப் பக்கத்துக் கான். அழுகிய கோவா இலை, மீன் கழுவின தண்ணீர், அதற்கு மேல் பஸ் புகை. அந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளாக எனக்கு இது தெரியாது. முதல் வாரம் முழுக்கக் குளோரின் மணத்தில் போனது, பிறகு மூக்கே இல்லை.

"ஏங்க, வாசம் வந்துருச்சு" என்றேன். அழுகை வரும்போல இருந்தது.

அவர் ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்து, "நெசமாவா, என்ன வாசம்?" என்று கேட்டார்.

ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

"பூட்டாத, காத்து வரணும்" என்றார்.

பூட்டிக் கொளுக்கியும் போட்டேன்.